பிரசாரப் பணம் வாக்காளர் கை வழியே போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேர்தல் பிரசாரச் செலவை அரசு ஏற்கலாமா என்று தங்கள் இதழில் நடந்துவரும் விவாதத்தைப் படித்துவருகிறேன். ‘எனக்குப் பிடிக்காத கட்சிக்கு என் வரிப்பணம் ஏன் போக வேண்டும்?’ என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இன்றும் அந்தச் செலவை யாரோ கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்? கொடுத்தவர் அதை ஒப்பந்தமாகவோ வரிச்சலுகையாகவோ தனக்குத் தோதான சட்டத் திருத்தமாகவோ வட்டியோடு வசூலித்துக்கொள்கிறார். அந்தச் சுமையும் நம் தலையில்தான் விழுகிறது.

ஆகவே பிரசாரத்துக்கு அரசு தரும் பொதுநிதி வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. ஆனால் சென்ற தேர்தலில் வாங்கிய வாக்குகளை மட்டும் பார்த்துக் கட்சிகளுக்கு மொத்தமாகப் பணம் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வளர்ந்த கட்சிகளே மேலும் வளரும். புதிதாகக் களமிறங்குபவருக்கு எதுவும் மிஞ்சாது. மக்களிடம் உண்டியல் ஏந்திப் போக வேண்டிய தேவையும் கட்சிகளுக்கு இல்லாமல் போய்விடும். இத்தாலியில் 1974இல் கட்சிகளுக்கு அரசு நிதி தரும் சட்டம் வந்தது. ஊழல்கள் அம்பலமானபின் 1993இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அதை நிராகரித்தார்கள். அப்போதும் விட்டார்களா? தேர்தல் செலவை ஈடுகட்டுவதாகச் சொல்லிப் பணம் தொடர்ந்து போனது.

ஜெர்மனியில் ஒரு கடிவாளம் உண்டு. ஒரு கட்சி தன் முயற்சியில் திரட்டும் வருமானத்தைவிட அதிகமாக அரசிடம் பெற முடியாது. இதைவிட எனக்குப் பிடித்தது அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தின் திட்டம். 2015இல் மக்களே வாக்களித்துக் கொண்டுவந்தது; 2017 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் தலா 25 டாலர் மதிப்பில் நான்கு நன்கொடைச் சீட்டுகளை நகர நிர்வாகம் தருகிறது. திட்டத்தில் சேர்ந்துள்ள வேட்பாளர்களில் விரும்பியவருக்குத் தரலாம், தராமலும் இருக்கலாம். பிடிக்காதவருக்கு என் சீட்டு போகாது. வேட்பாளரும் பணத்துக்காகச் சாதாரண வாக்காளரின் வாசலுக்கு வந்தே தீர வேண்டும்.

அங்கேயும் ஓட்டை இருக்கிறது. 2019இல் பெருநிறுவனங்கள் வேட்பாளர்களை விட்டுவிட்டுத் தனிக் குழுக்கள் வழியாகப் பணத்தைக் கொட்டின. அமெரிக்க அதிபர் தேர்தல் பொதுநிதிக்கு வேறு கதி. 1976இல் தொடங்கிய அந்த ஏற்பாட்டில் பணம் வாங்கினால் செலவு வரம்புக்குக் கட்டுப்பட வேண்டும். வெளியே அதைவிடப் பன்மடங்கு திரட்ட முடிந்ததால் 2008இல் ஒபாமா, கட்சிக்குள் வேட்பாளர் தேர்வு முடிந்தபின் நடக்கும் இறுதித் தேர்தலுக்கான நிதியை மறுத்துவிட்டார். 2012 முதல் பெரிய கட்சி வேட்பாளர் எவரும் அதைத் தொடவில்லை.

வேட்பாளரோடு கட்சிக்கும், கட்சிக்கு வெளியே நின்று செலவழிப்பவர்களுக்கும் சேர்த்து வரம்பு விதிக்காமல் பொதுநிதி மட்டும் கொடுத்தால், இருக்கும் பணத்தோடு இன்னும் கொஞ்சம் பணம் சேரும், அவ்வளவுதான். வரவு செலவுக் கணக்கும் வாக்குப்பதிவுக்கு முன்பே மக்கள் பார்வைக்கு வர வேண்டும். வென்றவர் பதவியில் அமர்ந்தபின் வெளியாகும் கணக்கை வைத்து வாக்காளர் எதை முடிவுசெய்ய முடியும்?

இவ்விவாதத்தில் கட்சிக்காரர்களின் கருத்துகளைப் போதுமான அளவு வெளியிட்டுவிட்டீர்கள். தேர்தல் கணக்குகளைத் தணிக்கை செய்து பழகியவர்களையும் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்