ப்ராஜெக்டுக்கு தாற பைசால கொஞ்சம் ஆபீசுக்கும் தாங்க: சிஎஸ்ஆர் காரங்களுக்கு குமரியில இருந்து ஒரு திறந்த மடல்

கம்பெனி லாபத்துல ஒரு பங்க சமூக வேலைக்கு தாற சிஎஸ்ஆர் பண்டு பாக்குற மேடம்மார், சார்மார், பவுண்டேஷன்ல யாருக்கு எவ்வளவுன்னு முடிவு பண்றவங்க எல்லாருக்கும் வணக்கம்.

தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் சில சின்ன டிரஸ்டுக்கும் சொசைட்டிக்கும் கணக்கு எழுதுற ஆளு நான். பேரு போடல, ஏன்னா வர்ற வருஷமும் உங்ககிட்ட தான் அப்ளிகேஷன் அனுப்பணும். கேக்க வந்தது ஒண்ணே ஒண்ணு. ப்ராஜெக்டுக்கு பைசா தாறீங்க, சந்தோஷம், அந்த ப்ராஜெக்ட நடத்துற ஆபீசுக்கும் தனியா கொஞ்சம் தாங்க, அதையும் ஒரு வருஷத்தோட நிறுத்தாம மூணு வருஷமாவது தாங்க.

ஆபீஸ்னதும் ஏசி ரூம நெனச்சிராதீங்க. ரப்பர் ஷீட் கடைக்கு மேல ஒரு வாடகை மாடி, மழை வந்தா கரண்டு போகும், கம்ப்யூட்டர் ஒண்ணு, அதுவும் யாரோ தந்த பழசு. செக்ரட்டரி மேடம் தான் கோஆர்டினேட்டர், ரிப்போர்ட்டும் அவங்க தான் எழுதணும், ஸ்கூட்டில பீல்டுக்கும் அவங்க தான் போணும், உங்க ஆபீஸ்ல இருந்து "அர்ஜெண்ட்"னு ஒரு எக்செல் ஷீட் வந்தா ராத்திரி இருந்து அதையும் அவங்க தான் நிரப்பணும். ஸ்டாப் சம்பளம் எந்த ப்ராஜெக்ட் ஓடுதோ அதுல இருந்து வரும், ப்ராஜெக்ட் முடிஞ்சா ஆளும் போயாச்சு, அவங்க படிச்ச வேலையும் அவங்க கூடவே போயாச்சு.

ஒரு சின்ன சாம்பிள் சொல்றேன். பேச்சிப்பாறை அணைக்கு அந்தப் பக்கம் காணி பழங்குடி மக்கள் குடியிருப்புல பிள்ளைங்களுக்கு சாயங்கால வகுப்பு நடத்துறாங்க, அங்க போக வள்ளத்துல தான் போணும். வள்ளக்காரர்கிட்ட ஜிஎஸ்டி பில் கேக்க முடியுமா? நாம எழுதுன வவுச்சர்ல ஒரு கையெழுத்து போட்டு தருவார், அதுவே பெரிய விஷயம். ஆனா பைசா தாற ஒரு பண்டர் ஆபீஸ்ல இருந்து "சப்போர்டிங் டாக்குமெண்ட் இல்ல"ன்னு அந்த செலவையே வெட்டிட்டாங்க. சாதாரண ரூல் தான், செல்ப் வவுச்சர் எந்த மாதிரி செலவுக்கு ஏத்துக்கலாம், யார் யார் கையெழுத்து வேணும்னு ஒரு பக்கத்துல பாலிசி எழுதி போர்டு மீட்டிங்ல பாஸ் பண்ணி வச்சிருந்தா அவங்களும் ஒத்துக்கிட்டிருப்பாங்க. அந்த ஒரு பக்கத்த எழுத ஆளும் நேரமும் வேணும்லா, அதுக்கு எந்த பட்ஜெட்லயும் லைன் கிடையாது.

இனி சட்டம் கேக்குற வேலை. டிரஸ்டுக்கு வரி விலக்கு தாற 12ஏ, நன்கொடை தாறவங்களுக்கு வரிச்சலுகை தாற 80ஜி ரெண்டையும் புதுப்பிக்கணும், சிஎஸ்ஆர் பண்டு வேணும்னா சிஎஸ்ஆர்-1 ரெஜிஸ்டர் பண்ணணும், நன்கொடை தந்தவங்க பேர் பான் நம்பரெல்லாம் சேத்து மே 31-க்குள்ள வருமானவரி ஆபீசுக்கு 10பிடி படிவம் போடணும், லேட்டானா ஒரு நாளைக்கு 200 ரூபா, ஆடிட் ரிப்போர்ட், ஐடிஆர்-7 வருமானவரி ரிட்டன், வெளிநாட்டு நிதி வாங்குற எப்சிஆர்ஏ அனுமதி இருந்தா அதுக்கு எப்சி-4 ரிட்டன் தனி, ஸ்டாப் 10 பேர் ஆனா இஎஸ்ஐ, 20 ஆனா பிஎப். 100 கோடி பட்ஜெட் உள்ள என்ஜிஓவுக்கும் 15 லட்சம் பட்ஜெட் உள்ள டிரஸ்டுக்கும் இதுல முக்காவாசி ஒண்ணு தான். 2025 பட்ஜெட்ல 5 கோடிக்கு கீழ வருமானம் உள்ள டிரஸ்டுக்கு அந்த 12ஏ ரெஜிஸ்ட்ரேஷன 5 வருஷத்துல இருந்து 10 வருஷமா ஆக்குனாங்க, கொள்ளாம், ஆனா ரிட்டன், ஆடிட் எல்லாம் வருஷா வருஷம் வரத்தான் செய்யும்.

இதுக்கெல்லாம் பைசா கேட்டா கிடைக்குற பதில், "அட்மின் செலவு 5 பெர்சென்ட் தான் சார், சட்டம் அப்படி." இத கொஞ்சம் நின்னு பேசணும். 2021 ஜனவரில திருத்துன சிஎஸ்ஆர் ரூல்ல அந்த 5 சதவீதம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா அது கம்பெனி தன்னோட சிஎஸ்ஆர் வேலைய நிர்வாகம் பண்ண ஆகுற செலவுக்கு உள்ள வரம்பு. ப்ராஜெக்ட வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியா ஆகுற செலவு அதுல சேராது. நடத்திக் குடுக்குற அமைப்போட நிர்வாக செலவும் அந்த கணக்குல வராதுன்னு அதே வருஷம் ஆகஸ்ட்ல கம்பெனி விவகார அமைச்சகம் கேள்வி பதிலாவே சர்குலர் போட்டுச்சு. உங்க தலைக்கு மேல உள்ள கூரைய கொண்டு வந்து எங்க தலையில இறக்குனா எப்படி? உங்க லீகல் டீம்கிட்ட ஒருக்க கேட்டுப் பாருங்க.

எங்க மேல நேரடியா உள்ள வரம்பு எப்சிஆர்ஏ-ல உள்ளது தான், 2020-ல நிர்வாக செலவ 50-ல இருந்து 20 சதவீதமா குறைச்சாங்க. அதே திருத்தத்துல வெளிநாட்டு நிதி வாங்குற ஒரு அமைப்பு அத இன்னொரு அமைப்புக்கு குடுக்கவும் கூடாதுன்னு ஆயிட்டு. அதுக்கு முன்னாடி பெரிய என்ஜிஓ ஒண்ணு கீழ உள்ள சின்னவங்களுக்கு பைசாவும் தரும், கூடவே கணக்கு எழுதவும் ரிப்போர்ட் போடவும் சொல்லிக் குடுக்கும். அந்த வழி அடைஞ்ச பிறகு சின்னவங்களுக்கு இத சொல்லித்தர யாருமே இல்ல.

ப்ராஜெக்டுக்கு மட்டும் பைசா வந்தா அமைப்பு வளராம போறத எங்க மாவட்டத்துல கண்ணால பாத்தவங்க நிறைய பேர் உண்டு. 2004 சுனாமி வந்தப்ப கொளச்சல், மணக்குடி எல்லாம் அடிச்சுட்டு போச்சு, அதுக்கு பின்னாடி பண்டும் அலை மாதிரி தான் வந்துச்சு. வள்ளம், வலை, வீடு எல்லாத்துக்கும் பைசா இருந்துச்சு, நல்ல காரியம் தான். ஆனா அந்த பைசாவ கையாண்ட சின்ன அமைப்புல பல இடத்துல ஒரு ஒழுங்கான லெட்ஜரோ பயிற்சி உள்ள அக்கவுண்டண்டோ மிஞ்சல. 2017 நவம்பர் கடைசில ஒக்கி புயல் வந்தப்ப திரும்பவும் முதல்ல இருந்து தொடங்க வேண்டி வந்துச்சு.

எங்க பக்கம் எல்லாம் சரின்னும் சொல்ல வரல. புருஷன் தலைவர், பொண்டாட்டி செயலாளர், மச்சான் பொருளாளர்னு ஓடுற டிரஸ்ட் எனக்கும் தெரியும், மீட்டிங் நடக்காமலே மினிட்ஸ் புக் நிறைஞ்சிருக்கும். அத பாத்துட்டு நீங்க பயந்து பைசாவ இறுக்குறீங்க. ஆனா கேள்வி கேக்குற போர்டு ஒண்ணு உருவாகணும்னா வெளி ஆளுங்கள கொண்டு வரணும், கணக்கு படிக்க அவங்களுக்கு சொல்லித் தரணும், அதுவும் செலவு தான். இறுக்குறதால திருட்டு குறையாது, நேர்மையா நடத்துறவங்க தான் களைச்சு விட்டுட்டு போவாங்க.

இதெல்லாம் நடக்காத காரியமும் இல்ல. அமெரிக்காவுல உள்ள போர்ட் பவுண்டேஷன் 2016-ல பில்ட்னு ஒரு திட்டம் தொடங்கி 100 கோடி டாலர் ஒதுக்கிச்சு, அஞ்சு வருஷ கிராண்ட், எங்க தேவையோ அங்க செலவு பண்ணலாம், நிறுவனத்த பலப்படுத்தவும் தனி பைசா. நம்ம நாட்டுலயே எடெல்கிவ் பவுண்டேஷன் 2021-ல க்ரோ பண்டுன்னு 100 அடிமட்ட அமைப்புக்கு 100 கோடி திட்டம் போட்டு, சம்பளம், வாடகைன்னு உள்செலவுக்கும் குடுத்துச்சு.

தயவு செஞ்சு இத ரெண்டு நாள் ஓட்டல் ஒர்க்‌ஷாப்பா மட்டும் மாத்திராதீங்க. பைல் ஒண்ணு, பேனா ஒண்ணு, மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் குரூப் போட்டோ, திங்கக்கிழமை காலைல ஆபீஸ்ல அதே கம்ப்யூட்டர், அதே வவுச்சர் கட்டு.

என்ன கேட்டா இப்படி பண்ணலாம்னு சொல்லுவேன். மார்த்தாண்டத்துல ஒரு ரூம் எடுங்க, சுத்துவட்டாரத்துல உள்ள ஆறேழு சின்ன அமைப்புக்கு சேத்து ஒரு நல்ல அக்கவுண்டண்டுக்கும் ஒரு டாக்குமெண்ட் பாக்குற ஆளுக்கும் முழு சம்பளம் குடுங்க, பிஎப் பிடிச்சு மரியாதையான சம்பளம். நம்ம பக்கம் பி.காம் படிச்சுட்டு கல்ப்புக்கு டிக்கெட் பாத்துட்டு இருக்குற பிள்ளைங்களுக்கா பஞ்சம்? கணக்கு எழுதுற டேலி சாப்ட்வேர் லைசென்ஸ் ஒண்ணு, ஸ்கேனர் ஒண்ணு, ஆடிட்டர் பீஸ், எல்லாருக்கும் பொதுவா ஒரு பாலிசி செட், அதையும் தமிழ்ல எழுதுங்க, போர்டுல இருக்குற அண்ணாச்சியும் அக்காவும் படிச்சு புரிஞ்சு கையெழுத்து போடட்டும். முதல் வருஷம் பெருசா ஒண்ணும் தெரியாது, ரெண்டாம் வருஷம் உங்களுக்கு வர்ற ரிப்போர்ட்லயே தெரியும்.

நேர்ல வந்து பாக்கணும்னாலும் வாங்க, எந்த ஆபீஸ்னாலும் கூட்டிட்டு போறேன். மே மாசமும், ஆடிட்டும் ஐடிஆரும் இருக்குற செப்டம்பர், அக்டோபரும் மட்டும் வேண்டாம், அப்ப எங்களுக்கு உங்ககூட உக்காந்து டீ குடிக்க கூட நேரம் இருக்காது.