ஊஃபருக்கு ஆறு மாத லீவு

வின்னிபெக், கனடா
நவம்பர் 8

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. தாமதத்துக்குத் திட்டாதே. போன சனிக்கிழமைதான் பழைய காரை கராஜில் விட்டுப் பூட்டினேன். அதுவரை கையில் ஸ்பேனரும் காலில் பனியுமாகவே போயிற்று. முட்டிவலி குறைந்தது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். குழாய் ஸ்பீக்கர் கட்ட மரம் ஏறுவதை இனி பையன்களிடம் விட்டுவிடு. நமக்கு ஐம்பது தாண்டியாச்சு.

"ஊரே ஐஸ் பெட்டிக்குள்ள கிடக்குதே, கார் பாட்டு செட்டை எப்படிடா காப்பாத்துற?" என்று கேட்டிருந்தாய். கிண்டலுக்குக் கேட்டாயோ என்னவோ, நான் நிஜமாகவே பதில் எழுதப்போகிறேன். இங்கே ஜனவரியில் சாதாரண இரவே மைனஸ் 20ஐத் தாண்டும். மைனஸ் 30 வந்தால் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. வேலைக்குப் போக ஒரு கார் இருக்கிறது. செட் வைத்த பழைய கார் ஏப்ரல் வரை வெளியே வராது. கராஜில் ஹீட்டரும் கிடையாது.

நான் இதைக் கற்றுக்கொள்ள ஒரு ஆம்ப்ளிஃபயர் பலியானது. முதல் குளிர்காலம். குளிரில் கிடந்தால் கெட்டுவிடும் என்று பதறி, மைனஸ் 28ல் டிக்கியிலிருந்து ஆம்பைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்தேன். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேஜையிலேயே வைத்து, வேலை செய்கிறதா பார்ப்போம் என்று 12 வோல்ட் சப்ளையில் மாட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. அப்புறம் உனக்குத் தெரிந்த அந்த வாசனை. மூடியைக் கழற்றினால் போர்டு முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண்ணாடி தினமும் வெள்ளையாக மூடிக்கொள்கிறது. ஆம்புக்குள்ளும் அதேதான் நடக்கும் என்று எனக்கு உறைக்கவில்லை. உறைந்து கிடந்த இரும்பிலும் அலுமினியத்திலும் சமையலறை ஆவி போய் உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் கரண்டையும் விட்டேன். குளிரில் விட்டிருந்தால் அது இன்றைக்கும் பாடிக்கொண்டிருக்கும்.

அன்றிலிருந்து எந்தச் சாமானையும் வெளியிலேயே, அந்தக் குளிரிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை டேப்பால் ஒட்டிய பிறகுதான் வீட்டுக்குள் கொண்டுவருவேன். தண்ணீர் பையின் மேல் படியும், சாமான் மேல் படியாது. பொழுதுக்கும் அப்படியே கிடக்கும், மறுநாள்தான் பிரிப்பேன். மனைவிக்கு இது வேடிக்கை. "பொணத்தைக் கட்டிக் கொண்டுவர்ற மாதிரி இருக்கு" என்கிறாள். இப்போது ஒரு படி மேலே போய், பெரிய குளிர் வருமுன், அக்டோபர் வெயிலில் ஒரு நாள் பார்த்துக் கழற்றிவிடுகிறேன். அப்போது பையே வேண்டியதில்லை.

கழற்றும்போது பேட்டரி நெகட்டிவை முதலில் எடுப்பேன். ஆம்புக்குப் போகும் தடி வயரின் நுனியில் டேப் சுற்றிவிடுவேன். ஒவ்வொரு வயரிலும் காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுவேன். எழுதாமல் விட்ட ஒரு வருஷம் ஏப்ரலில் அரை நாள் முழித்திருக்கிறேன்.

பேட்டரி கதை உனக்குப் பிடிக்கும். முழு சார்ஜில் இருக்கிற பேட்டரி மைனஸ் 50லும் உறையாது. வெறும் பேட்டரி மைனஸ் 7, 8லேயே ஐஸ் கட்டிவிடும். சார்ஜ் இறங்க இறங்க உள்ளே ஆசிட் போய்த் தண்ணீர்தானே மிஞ்சுகிறது! நிறுத்திய காரிலும் கடிகாரம், அலாரம் என்று 50 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று வை. ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. 60 ஆம்பியர் மணி பேட்டரி 50 நாளில் சுத்தம். நவம்பரில் விட்டால் பொங்கலுக்கு முன்னாலேயே காலி. ஜனவரிக் குளிர் வந்து பெட்டியைப் பிளந்துவிடும். அதனால் பேட்டரி பேஸ்மென்டுக்கு வந்துவிடும். மாதம் ஒரு முறை மீட்டர் வைத்துப் பார்ப்பேன், 12.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் சார்ஜர். சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று நாம் தொழில் பழகிய கடையில் பலகை போட்டு வைப்போமே, நினைவிருக்கிறதா? இந்தக் காலத்து பிளாஸ்டிக் பெட்டிக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை. இருந்தாலும் நான் பலகை மேல்தான் வைக்கிறேன். கை கேட்கமாட்டேன் என்கிறது.

தம் தம் என்று அடிக்கிற பெரிய ஸ்பீக்கரான சப் ஊஃபரின் பெட்டி மரத்தூள் பலகை. ஈரம் குடித்தால் மூலை ஊதி, திருகு பிடிக்காது. அதை வாஷிங் மெஷின் பக்கம் வைக்காமல் மாடி அலமாரியில் பழைய வேட்டி போர்த்தி வைத்திருக்கிறேன். கராஜில் வைக்காததற்கு வேறு காரணமும் உண்டு. அங்கே நான் இரும்பு ராவுகிறேன். ஊஃபர் காந்தத்துக்குப் பசி அதிகம், ஒரு துகள் உள்ளே இருக்கிற கம்பிச் சுருளான காயிலின் இடுக்கில் புகுந்தால் தீர்ந்தது. இந்த ஊர் எலிக்கும் குளிருகிறது என்பது இன்னொரு பக்கம்.

டாஷ்போர்டில் பாட்டுப் போடுகிற டெக்கைக் கழற்றுவதில்லை. தினமும் ஓட்டுகிற காரில் அதன் திரை காலையில் தூங்கி எழுந்த பிள்ளை மாதிரி மெல்ல மெல்ல எழுத்துக் காட்டும், கார் சூடானதும் சரியாகிவிடும். ரேடியோவில் "காற்றோடு சேர்த்து மைனஸ் 40" என்று பயமுறுத்துவார்கள். அது நம் தோலுக்கான கணக்கு, செட்டுக்கு இல்லை. ஆனால் கதவு ஸ்பீக்கர்களை முதல் கால் மணி நேரம் முணுமுணுக்கத்தான் விடுவேன். ரப்பர் விளிம்பு கட்டையாக இருக்கும்போது சத்தத்தைக் கூட்டினால் நடுவில் அதிர்கிற கூம்பு, அந்தக் கோன் பாவம்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். இங்கே முன் சீட்டுக்கு அடியில் ஆம்ப் வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. பனியை உருக்க ரோட்டில் போட்ட உப்பும் பனியும் பூட்ஸில் ஒட்டி உள்ளே வந்து, ஹீட்டரில் உருகி, நேராக அங்கேதான் போய்த் தேங்குகிறது. உப்புத் தண்ணீரில் ஊறின போர்டை நீ பார்த்திருக்கமாட்டாய். பச்சை பூத்துக் கிடக்கும்.

ஏப்ரலில் மாட்டும் முன் ஊஃபரில் மீட்டர் வைப்பேன். 4 ஓம் காயில் மூன்றரை பக்கம் காட்டினால் நிம்மதி. இரண்டு கட்டைவிரலாலும் கோனை மெதுவாக அழுத்தி உரசுகிறதா என்று பார்ப்பேன். நீ சொல்லிக்கொடுத்ததுதான்.

இந்த வருஷம் அதிலேதான் ஒரு சிக்கல். நான் ஊரிலிருந்து கிளம்பும்போது நீ கொடுத்தாயே 12 இஞ்ச் ஊஃபர், அதன் ஃபோம் விளிம்பு தொட்டால் அப்பளமாக உதிர்கிறது. குளிர் காரணமில்லை, வயசு. விளிம்பு இங்கே கிடைக்கிறது, ஒட்டிவிடலாம். ஆனால் காயிலை நடுவில் நிறுத்த நீ பழைய எக்ஸ்ரே ஃபிலிமை நாடா நாடாக வெட்டிச் சொருகுவாயே, அந்த ஃபிலிம் இங்கே எங்கும் இல்லை. ஆஸ்பத்திரியில் எல்லாம் கம்ப்யூட்டரில்தான் காட்டுகிறார்கள். உன் முட்டிக்கு எடுத்த எக்ஸ்ரே வீட்டில் சும்மாதானே கிடக்கிறது? அதில் நாலு நாடா வெட்டி அடுத்த கடிதத்தோடு வைத்து அனுப்பு.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன் மச்சான்