இணையவழி எழுத்தாளர் சந்திப்பில் நூலகத்துக்கு என்ன கிடைக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிளை நூலகங்களுக்கு நன்கொடை திரட்டிக் கைகொடுக்க வாசகர் வட்டங்கள் இணையத்தில் எழுத்தாளர் சந்திப்பு நடத்துகின்றன. மண்டப வாடகை மிச்சம், எழுத்தாளருக்கு அலைச்சலும் இல்லை. ஆனால் கூட்டம் களைகட்டிய பிறகும் நூலகத்துக்குக் காசு வந்து சேராத கதை பல ஊர்களில் உண்டு.

அழைப்பிதழில் நிர்வாகி ஒருவரின் சொந்த ஜிபே எண்ணைப் போடுவதில்தான் கோளாறு தொடங்குகிறது. யார் கணக்கு என்று தெரியாமல் நூறு ரூபாய் போடவும் மனசு வராது. போட்டாலும் ரசீது கிடையாது. பொது நூலகத் துறையில் இதற்கென்றே முறை இருக்கிறது: ரூ.1,000 கட்டினால் புரவலர், ரூ.5,000 என்றால் பெரும் புரவலர், ரூ.10,000 என்றால் கொடையாளர். ஆகவே நிகழ்ச்சியில் கொடுக்க முன்வருபவரின் பெயரும் கைபேசி எண்ணும் மட்டும் வாங்குங்கள். பணத்தை அவரே நூலகரிடம் கட்டி ரசீது பெறட்டும். வெளிநாட்டில் இருப்பவருக்காக ஊரில் உள்ள உறவினர் கட்டலாம். மறுநாளே போன் போட்டு நினைவூட்ட வேண்டும். ஒரு வாரம் விட்டால் பாதிப் பேர் மறந்திருப்பார்கள்.

கோரிக்கையை நன்றியுரைக்கு ஒத்திவைக்காதீர்கள். ‘நன்றி’ என்று தொடங்கியதுமே ஆட்கள் கழன்றுகொள்வார்கள். பேச்சு முடிந்து கேள்வி நேரம் தொடங்கும் முன் இரண்டே நிமிடம், அதுவும் எழுத்தாளர் வாயாலேயே வரட்டும். ‘நூலக வளர்ச்சிக்கு’ என்றால் காதில் ஏறாது. ‘போட்டித் தேர்வு நூல்களுக்கு ஓர் அலமாரி, ஆறு நாற்காலி’ என்றால் ஏறும்.

ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும். 100 பேருக்கு மேல் நுழையவும் முடியாது. அந்த 40-ஆவது நிமிடம் சரியாகக் கேள்வி நேரத்தில் வந்து விழும். கூகுள் மீட் இலவசத்தில் ஒரு மணி நேரம். ஒரு மாதக் கட்டணம் கட்டிவிடுவதே உத்தமம். யூடியூபிலும் காட்டுவதானால் நேரலை வசதியை இரண்டு நாள் முன்பே இயக்கி வையுங்கள். முதல்முறை அது திறக்க 24 மணி நேரம் வரை ஆகும்.

நூலகத்திலும் திரை கட்டிக் காட்டுங்கள். நாளிதழ் படிக்க வரும் பெரியவருக்கு வாட்ஸ்அப்பில் இணைப்பு அனுப்பி என்ன பயன்? கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை என்பதால் ஞாயிறு தோது. அங்கே ஒலிபெருக்கிச் சத்தம் மடிக்கணினி மைக்கிலேயே திரும்பப் புகுந்து எதிரொலிக்கும். மைக்கை அணைத்துவிட்டு, கேள்விகளைத் துண்டுச் சீட்டில் வாங்கி உரையாடல் பெட்டியில் தட்டச்சு செய்து அனுப்பினால் தொல்லை இல்லை. எழுத்தாளர் ஒயர் வைத்த இயர்போனைப் பயன்படுத்தட்டும். புளூடூத் பாதியில் சார்ஜ் இறங்கிக் கழுத்தறுக்கும். மின்வெட்டுக்கு மாற்றாக, வேறு தெருவில் இருக்கும் ஒருவரையும் இணை ஹோஸ்ட் ஆக்கி வையுங்கள். பதிவை இணையத்தில் ஏற்றுவதானால் எழுத்தாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்குவது முறை.

‘சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோமே, நன்கொடை எதற்கு?’ என்று எவராவது கேட்கத்தான் செய்வார். நியாயமான கேள்வி, மழுப்ப வேண்டாம். அந்த வரியை உள்ளாட்சி வசூலித்து, மாவட்ட நூலகங்களை நிர்வகிக்கும் நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கிறது. அதிலிருந்துதான் மாவட்டம் முழுக்க உள்ள நூலகங்களுக்கும் செலவழிக்க வேண்டும். உங்கள் ஊர் நாற்காலியின் முறை எப்போது வரும் என்பதை நூலகராலும் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
கிளை நூலக வாசகர் வட்டத்தினர்,
தஞ்சாவூர் மாவட்டம்.