ரான் கலெல்லாவுக்கு, கொஞ்சம் தள்ளி நின்று

அன்புள்ள ரான் கலெல்லா அவர்களுக்கு,

பிரபலங்களைத் துரத்தித் துரத்திப் படமெடுத்த அமெரிக்க போட்டோகிராஃபர் நீங்கள்; ஆனாலும் ஹாலிவுட் நடிகர் மார்லன் பிராண்டோ உங்களை அடித்தது தப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குப் பிறகு நான் எழுதப்போவதில் உங்களுக்குச் சாதகமாக அதிகம் இருக்காது. 1973 ஜூன் மாதம், நியூயார்க் சைனாடவுனில், டிவி நிகழ்ச்சி ஒன்றை முடித்துவிட்டு வந்தவரை விடாமல் படமெடுத்துக்கொண்டே பின்னால் போனீர்கள். இன்னும் என்னதான் வேண்டும் என்று அவர் கேட்டதற்கு, கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு படம் என்றீர்களாம். விழுந்தது குத்து. தாடை உடைந்தது, ஐந்து பற்கள் போயின. வழக்குப் போட்டு 40,000 டாலருக்கு சமரசமானது, சரி, நியாயம்தான். அப்புறம் இன்னொரு நிகழ்ச்சியில் அவரைப் படமெடுக்கப் போனபோது, அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறவர்கள் மாட்டும் ஹெல்மெட்டைத் தலையில் போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே நின்றீர்கள் பாருங்கள், அந்தப் படத்தைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வந்துவிடும். எனக்கும் வந்தது.

அந்தச் சிரிப்புதான் எனக்கு உறுத்துகிறது. உங்களைப் பற்றி யார் எழுதினாலும் ஹெல்மெட் வந்துவிடுகிறது. அடி வாங்கியும் அசராத ஆள், குறும்புக்காரர், தொழில்மேல் வெறி கொண்டவர் என்று ஒரு செல்லப் பிம்பம். பிராண்டோ திருப்பி அடிக்கக்கூடிய ஆள், அதனால் அது வேடிக்கையாகிவிட்டது. அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மனைவியாக இருந்த ஜாக்குலின் கென்னடி ஒனாசிஸ் உங்களை என்ன செய்ய முடியும்?

அவருக்கும் உங்களுக்கும் நடந்த வழக்கின் தீர்ப்பைப் படித்தால் சிரிப்பு நின்றுவிடும். 1969 செப்டம்பரில் சென்ட்ரல் பார்க்கில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த அவர் மகன் ஜானுக்கு முன்னால் பாய்ந்தீர்கள். அவனுக்கு அப்போது எட்டு வயது. மகள் கரோலின் டென்னிஸ் ஆடும்போது குறுக்கே போனீர்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தீர்கள். அவர்கள் அம்மா கடலில் நீந்தும்போது மோட்டார் படகில் பயப்படும் அளவுக்கு நெருங்கினீர்கள். அடுக்குமாடி, ரெஸ்டாரன்ட் என்று எல்லா இடத்திலும் வாசலில் நிற்கும் ஆட்களுக்குக் காசு கொடுத்தீர்கள். இதெல்லாம் போதாதென்று அந்தக் குடும்பம் எப்போது எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள, அவர்களிடம் வேலை பார்த்த ஒரு பெண்ணைக் காதலித்தீர்கள், அல்லது காதலிப்பதாகக் காட்டிக்கொண்டீர்கள். எனக்குச் செரிக்கவே செரிக்காதது இந்தக் கடைசி விஷயம்தான். இதில் கேமராவே இல்லை, தெருவே இல்லை. பொது இடத்தில் நிற்பவரைப் படமெடுக்க எனக்கு உரிமை உண்டு என்று காலமெல்லாம் சொன்னீர்களே, அந்த வாதம் இந்தப் பெண்ணிடம் வந்து நிற்கிறதா?

இன்னொன்றையும் யோசித்திருப்பீர்களா தெரியவில்லை. 1963 நவம்பரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் சுடப்பட்டதைக் கண்ணால் பார்த்தவர் அவர். ஐந்து வருடம் கழித்து கொழுந்தன் ராபர்ட்டும் சுடப்பட்டார். அப்படிப்பட்டவர் முன்னால் புதரிலிருந்தோ கார் மறைவிலிருந்தோ ஒரு ஆள் திடீரென்று பாய்ந்து வந்தால், கையில் இருப்பது கேமரா என்று தெரிவதற்கு முந்தைய அந்த ஒரு நொடியில் அவருக்கு என்ன தோன்றியிருக்கும்?

சரி, படத்துக்கு வருகிறேன். 1971 அக்டோபர், மேடிசன் அவென்யூ. ஜீன்ஸும் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு தனியாக நடந்து போகிறார். நீங்கள் டாக்சியில் பின்தொடர்கிறீர்கள். டிரைவர் தானாகவே ஹார்ன் அடிக்க, அவர் திரும்பிப் பார்க்கிறார். காற்று முடியை முகத்தின் குறுக்கே தள்ளியிருக்கிறது. உதட்டில் இன்னும் சிரிப்பாக மாறாத ஏதோ ஒன்று. அருமையான படம், மறுக்கவே மாட்டேன். டைம் பத்திரிகை செல்வாக்கு மிகுந்த நூறு படங்களின் வரிசையில் அதைச் சேர்த்தது. நீங்களும் அதை உங்கள் மோனாலிசா என்று சொல்லிக்கொண்டீர்கள்.

ஆனால் அவர் அப்படிப் பார்த்ததற்குக் காரணம் நீங்களே சொன்னதுதான்: கேமரா உங்கள் முகத்தை மறைத்திருந்தது, படமெடுப்பது யாரென்று அவருக்குத் தெரியவில்லை. டாக்சியிலிருந்து இறங்கினீர்கள், தெரிந்துவிட்டது, உடனே கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இது உங்களுக்கு உறைக்கவே இல்லையா? வருடக்கணக்கில் துரத்தி, ஆயிரக்கணக்கில் எடுத்து, கடைசியில் உலகம் எடுத்து வைத்துக்கொண்ட படம், துரத்துவது நீங்கள்தான் என்று அவருக்குத் தெரியாத அந்த ஒரு கணத்தில் கிடைத்தது. உங்களுக்கு வேண்டியிருந்தது பயமில்லாத முகம், நீங்கள் போகிற இடமெல்லாம் ஏற்படுத்தியது பயம். அந்தப் படத்தைக் காட்டி உங்கள் தொழிலை நியாயப்படுத்துகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்: அது உங்கள் முறையால் கிடைத்ததல்ல, உங்கள் முறை ஒரு நாள் தோற்றதால் கிடைத்தது.

வழக்கு என்ன ஆனது என்பது தெரிந்த கதை. முதலில் அவர்களைக் கோர்ட்டுக்கு இழுத்ததே நீங்கள்தான், 13 லட்சம் டாலர் கேட்டு. 1972-இல் தீர்ப்பு உங்களுக்கு எதிராக வந்தது, அந்தக் குடும்பத்திடமிருந்து தள்ளியே நிற்க வேண்டும் என்று. அடுத்த வருடம் மேல்முறையீட்டில் அந்தத் தூரத்தைக் குறைத்து, அவரிடமிருந்து 25 அடி, பிள்ளைகளிடமிருந்து 30 அடி என்று நிர்ணயித்தார்கள். செய்தி சேகரிக்கிறேன் என்பதற்காகச் சட்டத்தை மீற முடியாது என்றும் சொன்னார்கள். நீங்கள் அதையும் மீறி, 1982-இல் மாட்டி, சிறைக்குப் போகாமல் தப்பிக்க இனி அவரைப் படமே எடுப்பதில்லை என்று ஒப்புக்கொண்டீர்கள்.

அந்த 25 அடி, அதாவது ஏறக்குறைய ஏழரை மீட்டர், உங்கள் காலத்துக் கணக்கு. ஆளை நெருங்கித்தான் படம் எடுக்க வேண்டும் என்று இருந்த காலம். 2023 பிப்ரவரியில் மும்பையில் ஆலியா பட் தன் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறார், யாரோ பார்ப்பது போல இருக்கிறதே என்று நிமிர்ந்தால் பக்கத்துக் கட்டட மொட்டைமாடியில் இரண்டு பேர் கேமராவை அவர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். படம் இணையத்தில் வந்தும்விட்டது. அவர் மும்பை போலீஸைக் குறிப்பிட்டு இன்ஸ்டாகிராமில் கொதித்து எழுதினார். டேப் வைத்து அளந்தால் அந்த இரண்டு பேரும் உங்களைவிட ஒழுக்கமானவர்கள், அவ்வளவு தூரத்தில் நின்றார்கள்! இடைவெளியை அடிக்கணக்கில் மட்டும் அளப்பது எனக்குப் போதவில்லை. அந்தப் படத்தை வேண்டாம் என்று சொல்லவோ, முகத்தைத் திருப்பிக்கொள்ளவோ அவருக்கு வழி இருந்ததா? தெருவில் கொஞ்சமாவது இருக்கிறது. சொந்த வீட்டு ஹாலில், கேமரா இருப்பதே தெரியாதபோது, இல்லை.

பிரபலங்கள் எல்லோரும் பாவம் என்று நான் சொல்லவில்லை. மும்பை விமான நிலைய வாசலில் எடுக்கும் படங்களில் எத்தனையோ நட்சத்திரத்தின் பிஆர் ஆளே போன் போட்டு வரச்சொல்லி எடுத்தவை. ஜிம்முக்குப் போவதும் வருவதும் விளம்பரம். அது வியாபாரம், இரண்டு பக்கமும் லாபம், நாம் ஏன் கண்ணீர் விட வேண்டும்? ஆனால் நேற்று போன் போட்டுக் கூப்பிட்டார் என்பதால் இன்று ஹாலுக்குள் எட்டிப்பார்க்கலாம் என்றால், அது எந்த ஊர் நியாயம்?

எங்கள் சென்னையில் இன்னொரு வகை இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்காது. இழவு வீடு. சினிமாக்காரர் ஒருவர் இறந்தால் யூடியூப் சேனல்கள் வாசலில் குவிந்துவிடும். காரிலிருந்து இறங்குபவரின் முகத்துக்கு முன் மைக், உடல் இருக்கும் இடம் வரை செல்போன்கள், சாயங்காலத்துக்குள் ‘கதறி அழுத மனைவி’ என்று சிவப்பு எழுத்தில் தம்ப்நெயில். எடுப்பவனைத் திட்டுவது சுலபம். அந்த வீடியோவுக்குக் கீழே ஆர்ஐபி போட்டுவிட்டு அடுத்ததைத் தட்டுகிறவர்கள் எங்கள் ஆட்கள்தான், மாமியும் சித்தப்பாவும் ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரரும்.

கடைசியாக ஒரு செய்தி. 2021-இல் விராட் கோலிக்கும் அனுஷ்கா சர்மாவுக்கும் மகள் பிறந்தபோது, குழந்தையைப் படமெடுக்க வேண்டாம் என்று ஒரு குறிப்பெழுதி, கூடவே பரிசும் வைத்து மும்பை போட்டோகிராஃபர்களுக்கு அனுப்பினார்கள். அவர்களில் நிறையப் பேர் கேட்டுக்கொண்டார்கள். (அடுத்த வருடம் கேப்டவுன் மேட்சில் டிவி கேமராதான் குழந்தையைக் காட்டித் தொலைத்தது.) இப்போது பல நட்சத்திரக் குழந்தைகளின் முகத்தில் ஒரு இதய எமோஜியை ஒட்டித்தான் படம் வருகிறது, யாருடைய பிழைப்பும் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை. நீங்கள் அங்கே இருந்திருந்தால் அந்தப் பரிசை வாங்கியிருப்பீர்களா என்று யோசித்தேன். கண்டிப்பாக வாங்கியிருப்பீர்கள். வாங்கிக்கொண்டு, குழந்தையைத் தடுப்பூசிக்கு என்றைக்குக் கூட்டிப்போகிறார்கள் என்று வாட்ச்மேனிடம் விசாரித்திருப்பீர்கள்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு வாசகன்