ஏதென்ஸில் ஒரு பகல்: 10 மணி டிக்கெட் ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கிரேக்கக் கப்பல் பயணத்துக்குப் பதிந்தவர்களில் பலர் கேட்பது இது: "கப்பல் காலை 7 மணிக்கே ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸ் வந்துவிடுகிறது. பழங்காலக் கோயில்கள் இருக்கும் அக்ரோபொலிஸ் குன்றுக்கு ஏன் 10 மணி டிக்கெட்? வெயிலுக்கு முன்னால் 8 மணிக்கே போகலாமே?"

7 மணி என்பது கப்பல் கரையைத் தொடும் நேரம். கயிறு கட்டி, பாலம் போட்டு, துறைமுக அனுமதி வந்து, கப்பல்காரர்களின் சுற்றுலாக் குழுக்கள் முதலில் இறங்கி, அதன் பிறகுதான் தனியாகப் போகிறவர்களின் வரிசை நகரும். அதற்குள் 8 ஆகிவிடலாம். டிக்கெட்டோ நேரம் குறித்தது. 15 நிமிடம் முன்பின் மட்டுமே விடுவார்கள். தவறினால் 30 யூரோ போனதுதான். நாளுக்கு 20,000 பேர் என்று வரம்பு இருப்பதால், கோடையில் அன்றைக்கே வேறு டிக்கெட் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

கப்பல் முனையத்திலிருந்து டிமோடிகோ தேயாத்ரோ மெட்ரோ நிலையத்துக்கு நடங்கள். பெரும்பாலும் 20 நிமிடத்துக்குள் வந்துவிடும். பிரேயஸ் என்றே பெயருள்ள நிலையம் இன்னும் தள்ளி இருக்கிறது, பெயரைப் பார்த்து அங்கே போய்விடாதீர்கள். 1.20 யூரோ டிக்கெட் 90 நிமிடம் செல்லும். நீல லைனில் சின்தக்மா, அங்கே சிவப்பு லைனுக்கு மாறி ஒரே நிறுத்தம்: அக்ரோபோலி. நெரிசலில் பர்ஸ் முன்பக்கம் இருக்கட்டும்.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் அக்ரோபொலிஸின் தென்கிழக்கு வாசல். பேருந்துக் கூட்டம் மொய்க்கும் மேற்கு வாசலைவிட இது மேல். ஏறும் வழியிலேயே பழங்கால நாடக அரங்கான டயோனிசஸ் அரங்கையும் பார்த்துவிடலாம். உச்சியில் சுண்ணாம்புக்கல் பாறை, பல நூற்றாண்டாகக் காலடி பட்டுத் தேய்ந்து கண்ணாடி மாதிரி வழுக்கும். மழைத்தூறல் விழுந்தால் சொல்லவே வேண்டாம். ரப்பர் அடி போட்ட ஷூ அவசியம். ஹீல்ஸ் போட்டால் உள்ளே விடமாட்டார்கள், பெரிய பையும் கூடாது. மேலே நிழல் கிடையாது. கடும் வெப்ப அலை நாட்களில் நண்பகல் முதல் மாலை 5 வரை மூடிவிடுவதும் உண்டு. 11 மணி டிக்கெட் எடுக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

இறங்கியதும் சாப்பாடு. சைவம் என்றால் புரியாத கடையில் 'நிஸ்திசிமோ' என்று சொல்லிப் பாருங்கள். அவர்களுடைய நோன்பு உணவு அது. இறைச்சி, முட்டை, பால் இருக்காது. ஆனால் கணவாய், இறால் நோன்புக்கு ஆகும் என்பது அவர்கள் கணக்கு, அதனால் கேட்டுக்கொள்ளுங்கள். தக்காளிக்குள் சோறு அடைத்த யெமிஸ்தா நமக்குச் சரிவரும், கறி சேர்க்கவில்லை என்றால்.

சின்தக்மா சதுக்கத்தில், நாடாளுமன்றத்தின் முன் காவலர் மாறுவது ஒவ்வொரு மணிக்கும் நடக்கும். 2 மணிக்குப் பார்த்துவிட்டு அப்படியே மெட்ரோவில் இறங்குங்கள். நீல லைனின் எதிர்த்திசை ரயில் விமான நிலையத்துப் பக்கம் போகும். பலகையில் டிமோடிகோ தேயாத்ரோ என்று இருப்பதைப் பார்த்து ஏறுங்கள். கப்பல் 5 மணிக்குக் கிளம்பும், ஆனால் 4.30-க்குள் ஏறிவிட வேண்டும். தனியாகப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது.

அன்புடன்,
பயணப் பதிவுப் பிரிவு

பி.கு.: நடுவில் துருக்கியின் குசாதசியில் நிற்கும் பயணம் என்றால், ஒருமுறை நுழைவு ஷெங்கன் விசா (கிரீஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான விசா) போதாது. துருக்கி போய்க் கிரீஸ் திரும்புவது இரண்டாவது நுழைவு. விசா விண்ணப்பத்திலேயே 'மல்டிப்பிள் என்ட்ரி' குறித்துவிடுங்கள்.