அக்காவுக்கு, பந்தல் பிரித்த பிறகு

அக்கா,

திராட்சைப் பந்தலின் கல்லுக்கால் எல்லாம் விலைக்குப் போய்விட்டது, கம்பியைச் சுருட்டி மாட்டுக்கொட்டகையில் போட்டிருக்கிறது என்று அம்மா ஃபோனில் சொன்னாள். தென்னங்கன்றும் வந்து இறங்கிவிட்டதாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், வெயிலில் நிற்பது நீ என்பதை மறந்துவிட்டு. ஆனாலும் கேட்டிருக்கலாம்.

இந்தக் கடிதம் இரண்டு வருடப் பாக்கி. ஃபோனில் நீ “சாப்ட்டியா” என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறாய். இங்கே எழுதினால் ஊரில் நாலு பேர் படிப்பார்கள் என்று தெரியும். அதனால் மச்சானைப் பற்றி எதுவும் எழுதமாட்டேன். நல்ல மனுஷன். அவ்வளவுதான்.

பிரான்சில் போர்டோ என்று ஓர் ஊர் இருப்பதே, இங்கே வேலை கிடைக்கும்வரை எனக்குத் தெரியாது. நமக்கு அது கொடிக்கு அடிக்க டிரம்மில் கலக்குகிற மருந்து. நூறு லிட்டருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. அரிவாளை முக்கி எடுத்து, இரும்பில் செம்பு ஏறிச் சிவந்திருந்தால் சுண்ணாம்பு பத்தவில்லை என்பார் அப்பா. முக்குகிற வேலையை நீ எனக்கு விட்டுக்கொடுத்ததே இல்லை. இங்கே வந்த பிறகுதான் அதன் கதை தெரிந்தது. போர்டோவை ஒட்டிய மெடோக் பக்கம் சாலையோரக் கொடிகளில் பழம் பறித்துத் தின்கிறவர்களை விரட்டத்தான் துத்தமும் சுண்ணாம்பும் தெளித்திருக்கிறார்கள். அந்தக் கொடிகள் மட்டும் அடிச்சாம்பல் நோய்க்குத் தப்பியதை மிலார்தே என்கிற தாவரவியல் பேராசிரியர் பார்த்துவிட்டார். 1885இல் உலகத்துக்கே சொல்லிவிட்டார். அப்பாவிடம் சொன்னேன். “களவாணிப் பயலுக வச்ச மருந்தாடா அது” என்று அன்றைக்கெல்லாம் சிரித்தாராம்.

ஒயினுக்குள் நான் அந்த டிரம் வழியாகத்தான் போனேன். முதலில் பிடிக்கவில்லை. உடன் வேலை பார்ப்பவர்கள் டானின், டானின் என்பார்கள்; எனக்கு நாவல்பழம் தின்ற நாக்குதான் ஞாபகம் வரும். துவர்ப்பு என்று பேர் தெரிந்ததும் பிடித்துப்போயிற்று. ஒரு செப்டம்பரில் சந்தையில் மஸ்கட் ஹாம்பர்க் என்று எழுதிவைத்த கறுப்புக் குலை. வாயில் போட்டால் நம் பன்னீர் திராட்சை! நின்ற இடத்திலேயே கால் கிலோ தின்றேன். இங்கே வருடத்துக்கு ஒரே அறுவடை, பிறகு இலையெல்லாம் உதிர்த்துவிட்டுக் கொடி தூங்கும். நம் பள்ளத்தாக்கில் எந்த மாதமும் ஏதோ ஒரு பந்தலில் வெட்டு நடக்கும். நம் கொடியை நாம் தூங்கவிட்டதே இல்லை, அக்கா.

அந்தத் தீபாவளி ராத்திரி. நான் கொண்டுவந்த செயிண்ட் எமிலியன் ஒயின் பாட்டில், நாலு எவர்சில்வர் டம்ளர். அப்பா ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார். “கடுக்காத் தண்ணியாட்டம் இருக்கு.” இன்னொரு வாய். கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தார். “தோலோட ஊறப் போட்டிருக்காய்ங்க.” யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. நான் மூன்று வருடமாகக் கற்றதை இரண்டு வாயில் சொல்லிவிட்டார். அந்தத் தலைகால் புரியாத சந்தோஷத்தில்தான், “மாமா, எனக்கு” என்று உன் பையன் வந்தபோது விரலை முக்கி அவன் நாக்கில் வைத்தேன். அவனுக்கு அப்போது பத்து வயது.

நீ அடுப்படி வாசலில் நின்றிருந்தாய். என்னை அடிக்கவில்லை. அவனை அடித்தாய்.

பிறகு நான் வாயை மூடியிருக்க வேண்டும். பிராந்தியில் 42.8 சதவீதம், இதில் 13தான் என்று, மாலை போட்ட படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு கணக்குச் சொன்னேன். டம்ளர்களைப் புளி போட்டுத் தேய்த்தாய். மறுநாள் அவை வீட்டில் இல்லை.

தப்புதான். இங்கே சில வீடுகளில் பார்த்ததைச் செய்தேன் என்று சொல்லலாம், அது சாக்கு. ஆனால் அம்மாவிடம் “அவனும் ஆரம்பிச்சுட்டான்” என்று சொன்னாயாமே. அந்த ‘உம்’ எனக்கு இன்னும் ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் குடிக்கிறவனையும், வீட்டுப் பத்திரத்தை... வேண்டாம். எழுதமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். நீ ராத்திரியில் விழித்திருந்த வருடங்களில் நான் இங்கே கிளாஸைச் சுழற்றி முகர்ந்துகொண்டிருந்தேன், அதுவும் உண்மை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கொடியைப் பிடுங்கியது கூலிக்காகவும் மருந்து விலைக்காகவும்தானே? அன்றைக்குப் பிறகு பந்தலுக்குக் கீழே நிற்கவே பிடிக்காமல் போனதாலா? நம் பழம் கேரளச் சந்தைக்குத்தான் போயிற்று, எந்தப் பீப்பாய்க்கும் போகவில்லை.

தைக்கு வருகிறேன். பாட்டில் கொண்டுவரவில்லை. அப்பா ரகசியமாகக் கேட்டார், இல்லை என்றேன். “சரிப்பா” என்றார். அந்த “சரிப்பா” என் கணக்கிலா உன் கணக்கிலா, தெரியவில்லை. கறை பிடித்த மருந்து டிரம்மைப் பழைய பிளாஸ்டிக்காரருக்குப் போட்டுவிடாதே.

பையனிடம் நான் தனியாகக் கொஞ்சம் பேச வேண்டும். விடுவாயா?

உன் தம்பி