சுவரொட்டியை ஒற்றியெடுத்த தோழருக்கு

ஊர்வலத்தில் திடீர் மழை. நெரிசலில் எழுபது வயதைக் கடந்த எனக்கு மூச்சு வாங்கியது. கையிலிருந்த சுவரொட்டிக் குழல் நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை. உள்ளே, மறைந்த என் மனைவி லினோலியம் என்ற மெத்தென்ற தரைவிரிப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட சுவரொட்டி. அவர் செதுக்குவார், நான் மை உருட்டுவேன். எழுத்துகளை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும் என்பதால், முழக்கம் நீளமானால் சண்டைதான். காதலித்ததும் அந்த மேசையில்தான்.

தோழரே, என்னை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, நான் கேட்காமலே குழலைத் தேடி எடுத்து வந்தீர்கள். நனைந்த தாளைத் தேய்க்காமல், உங்கள் துண்டின்மேல் விரித்து ஒற்றியெடுத்தீர்கள். காகிதத்தோடு பழகிய கை! பெயர் கேட்பதற்குள் கூட்டத்தில் கலந்துவிட்டீர்கள். 1968 மே மாதப் போராட்டத்தில் பாரிஸ் மாணவர்கள் அச்சிட்ட சுவரொட்டிகளிலும் வரைந்தவர் பெயர் கிடையாது. என் மனைவிக்கு அந்த வழக்கம் பிடிக்கும். எனக்கோ உங்கள் பெயர் தெரிந்தாக வேண்டும். அவர் செதுக்கிய இன்னொரு சுவரொட்டி என்னிடம் இருக்கிறது. அது உங்களுக்கு.